லாசர் அண்ணன் எந்தக் கட்சி?

புதன்கிழமை கம்பெனி ஸ்டோரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது குளச்சலில் இருந்து போன் வந்தது. லாசர் அண்ணனின் மைத்துனர் பேசினார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் "எந்த லாசர்?" என்று கேட்டேன். இங்கே சவூதியில், அல் கோபாரில் எங்களோடு இருபது வருஷத்துக்கு மேல் ஏசி மெக்கானிக்காக இருந்து, ஆறு மாதம் முன்புதான் ஊர் திரும்பிய மனிதர். எனக்கு வேறு எந்த லாசரையும் தெரியாது. இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நானே அவரைக் கூப்பிடுவதாக இருந்தேன். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் தாளை மேனேஜர் என் முன்னால் வைத்து, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, இல்லை ஃபைனல் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருந்தார். ஃபைனல் எக்ஸிட் அடித்தால் போனது போனதுதான், திரும்பி வர முடியாது. எனக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால் படியேற மறுக்கிறது. வீட்டில் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். அவளுடைய இஷ்டம் எது என்பது அதில் பிடிபடவில்லை. லாசர் அண்ணனிடம் பேசினால் தெளிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவர் யாரையும் தெளியவைத்ததே இல்லை என்பது அவரோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நினைத்தேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது பேஸ்பால். காம்பவுண்டில் அமெரிக்கர்கள் போட்டுவைத்த மைதானம், ஏசி ஷாப்புக்குப் பின்னால் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலி ஓரம் நம் ஆட்கள் கூடிவிடுவார்கள். முதலில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. அடித்தவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுவதைப் பார்த்து, "லேய், மட்டைய எடுத்துட்டு ஓடுலேய்!" என்று லாசர் அண்ணன் இந்தப் பக்கம் நின்று அலறுவார். கடைசியில் எங்கள் கம்பெனி டீமில் பந்து வீசும் மரியோவே வேலிக்கு வந்து விதிகளைச் சொன்னான். மரியோ மணிலாக்காரன், வெல்டர். ஆட்டத்தின் நடுவில் ஒருவனை வெளியே எடுத்தால் அன்றைக்கு அவன் மறுபடி உள்ளே வர முடியாது என்று அவன் சொன்னதும், "அப்பம் ஃபைனல் எக்ஸிட்டாக்கும்" என்றார் லாசர் அண்ணன். அந்த ஒரு விதி மட்டும் நம் ஆட்கள் எல்லோருக்கும் உடனே புரிந்தது.

சண்டையும் அதில்தான் ஆரம்பித்தது. மரியோவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, தோள் இறங்கிப்போயிருந்தது. ஆர்னல் என்று ஒரு பையன் புதிதாக வந்திருந்தான். அவன் கையில் இருந்து பந்து கிளம்புவது தெரியும், போய்ச் சேர்வது தெரியாது. மரியோவை எடு, ஆர்னலைப் போடு என்று நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் இளவட்டங்கள் கத்த ஆரம்பித்தார்கள். லாசர் அண்ணன் விடவில்லை. "பந்து வேகமாப் போனா போதுமா? போற எடத்துக்குப் போவ வேண்டாமா? தோளு போனா என்ன, தலை இருக்குல்லா!" என்று தனியாளாக அத்தனை பேரையும் மடக்கினார். நான் கைதட்டினேன். அன்றிலிருந்து எங்களுக்கு 'கிழடுகட்டைக் கட்சி' என்று பெயர். எனக்கு அதில் பெருமைதான். ஸ்டோருக்கும் அப்போது கம்ப்யூட்டர் படித்த பையன்கள் இருவர் வந்திருந்தார்கள், ஸ்டோர் சாவியை அவர்களிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டிருந்த காலம்.

அடுத்த வாரம் இளவட்டங்களுக்கு ஓவர்டைம். வேலி ஓரத்தில் நாங்கள் பழைய ஆட்கள் மட்டும்தான். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை கிடையாது என்று நான் ஆரம்பித்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். லாசர் அண்ணன் திடீரென்று என் மேல் பாய்ந்தார். "ஒங்க மரியோ குனிஞ்சு பந்தெடுக்கதுக்குள்ள அடிச்சவன் வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சிட்டு வந்துருவான். பையனுக்கு எடம் விடுங்கலேய்! நீங்க எல்லாரும் பொறக்கும்போதே ஃபோர்மேனா?" எனக்கு முகம் செத்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"அண்ணே, போன வாரம் நீங்கதானே மரியோவை எடுக்கக் கூடாதுன்னு சண்டை போட்டீங்க?"

"அது போன வாரம்லா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு வருஷக்கணக்கில் இதே கதைதான். எந்த வாரம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் விழித்திருக்கிறேன், அவரோடு கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டோடு அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல மீன்குழம்பைக் குறை சொல்ல ஆரம்பிப்பார்.

ஊருக்குப் போகச் சொல்லி கம்பெனியில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. மேனேஜர் இரு என்றுதான் சொன்னார். அவராகவே போய் ஃபைனல் எக்ஸிட் கேட்டார். தம்மாம் ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். ஏன் அண்ணே என்றதற்கு, "ஏசி சத்தம் காதுலயே நிக்கி. போதும்டே" என்றார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு பத்தடி போனவர் திரும்பி வந்து, "ஆனா நீ அவசரப்படாத, கேட்டியா?" என்றார். இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

சேதி வந்த வாரத்து வெள்ளிக்கிழமை எங்கள் ரூமில் ஜெபம் வைத்தோம். இந்த நாட்டில் வெளிப்படையாக ஜெபம் வைக்க முடியாது, எப்போதும் போலக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மெல்லிய குரலில் பாடினோம். ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது ஒரு பையன், "லாசர் அண்ணன் எப்பவும் எங்க பக்கம்தான்" என்று கண்ணைத் துடைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் எங்க ஆளுப்பா" என்றேன். அவன் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னான், நான் வேறொரு வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். குரல் ஏறி, "மெதுவா, மெதுவா, வெளியே கேக்கும்" என்று இரண்டு பேர் எங்களை அடக்கவேண்டியதாயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மரியோ, எதைப் பற்றிச் சண்டை என்று கேட்டான். சொன்னோம். தன்னைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம் 'பந்து வீசியது போதும், கை இருந்தால்தானே பிள்ளைகளுக்குச் சோறு' என்றுதான் லாசர் திட்டுவார் என்று தன் அரைகுறை இந்தியில் சொன்னான்.

மறுநாள் அவருடைய மனைவி ரோஸ்மேரி அக்காவுக்குப் போன் செய்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னபின், மனசு கேட்காமல், ஏன் அக்கா அவர் கிளம்பி வந்தார் என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கிய தம்பி. நான் வாங்க வாங்கன்னு எத்தனையோ வருஷம் கெஞ்சினேன், வரல்ல. நானும் அலுத்துப்போயி விட்டுட்டேன். பிள்ளையளும், இன்னும் ரெண்டு வருஷம் இருங்கப்பான்னு சொல்லிச்சுது. எல்லாரும் இருங்கன்னதும் பெட்டியைக் கெட்டிட்டு வந்துட்டாவ. அவியளுக்கு எல்லாரும் ஒண்ணு போல பேசினா ஆவாது. ஆளில்லாத பக்கம் பாத்து போயி நிப்பாவ. அவிய மனசுல உள்ளது எதுன்னு எனக்கே தெரியாது தம்பி."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா அக்கா?"

"சொல்லாம இருப்பாவளா? அவனை வரச் சொல்லணும், முட்டு வலியோட கெடந்து கஷ்டப்படுதான்னு சொல்லுவாவ. சரி, வரச் சொல்லுங்கன்னு நான் சொன்னா, எதுக்கு வரணும், அவன் அங்க ராசா மாதிரி இருக்கான்னு என்கிட்ட சண்டைக்கு வருவாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் அந்தப் பக்கம் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதோம்.

அவருடைய சொந்தக் கருத்து என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரியவைக்காமலே அவர் போய்விட்டதில் எனக்குக் கோபம்கூட உண்டு. ஆனால் என் வாழ்க்கையில் என்னோடு ஒத்துப்போகாமல் என் பக்கத்திலேயே இருந்த மனிதர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த எதிர்ப்பேச்சு. எதைச் செய்யப் போனாலும் இப்போது ஒரு தடவை நின்று, அண்ணன் இதற்கு என்ன வம்பு பேசியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் பேச்சில் பாதியாவது வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டேன், இரண்டு வருஷத்துக்கு. சரியா தப்பா, தெரியாது. ராத்திரி சாப்பாட்டில் ரூமில் சொன்னேன். "நல்ல முடிவு அண்ணே" என்றார்கள். இளவட்டங்களும் சொன்னார்கள், பழைய ஆட்களும் சொன்னார்கள். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. நான் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, யாராவது வம்பு பேசமாட்டார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.