ஒன்றரை நொடி இருட்டு

உலகத்திலேயே இருட்டை அளந்து செய்யத் தெரிந்த ஒரே ஆள் என் மாமாதான். சூரியனுக்குக்கூட அது வராது. அது பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடும், இருட்டு தானாக வரும். மாமா செய்தால் சரியாக ஒன்றரை நொடி, இமைப்பொழுது கூடாது, குறையாது.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். லீவு நாளில் ஸ்டோர் ரூமில், பழைய பீரோவை அறுத்துச் செய்த பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்து, வாலிபத்தில் கடையில் காசு போட்டு ஆடிய லேசர் டிஸ்க் கேமுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். கார்ட்டூன் படம் ஓடும். சரியான நேரத்தில் குச்சியை இழுத்தால் தபால்காரன் கலங்கரை விளக்கத்தில் அடுத்த படிக்குத் தாவுவான். தவறினால் கடலில் விழுவான். அசல் மெஷினில், டிஸ்க் அடுத்த காட்சியைத் தேடும் ஒன்றரை நொடி திரை கருப்பாகிவிடும். கம்ப்யூட்டருக்குத் தேடவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மாமா அந்தக் கருப்பை உட்கார்ந்து எழுதிச் சேர்த்தார்.

"இதை எடுத்துட்டா வேகமா ஆடலாமே மாமா?"

"லிஃப்ட்ல கதவை எடுத்துட்டாகூட வேகமாத்தான் ஏறலாம். ஏறுறியா?"

அந்த கேமில் கில்லாடி அத்தைதான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. படிக்கட்டின் கடைசி வளைவு வரை போயிருக்கிறாள். உச்சியில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள் என்று பார்ப்பதற்குள் கடைக்காரர் மெஷினையே தூக்கிவிட்டார். இப்போதுதான் அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு ஆடினாள். மூன்று ஞாயிறும் தபால்காரன் அதே வளைவிலிருந்து தண்ணீருக்குள்.

"கை கேக்க மாட்டேங்குதுங்க. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவை. அதோட விட்டுடறேன், எவன் வேணா கதவைத் தொறந்துக்கட்டும்."

"கொஞ்சம் லேசாக்குங்களேன் மாமா," என்றேன்.

"லேசாக்கினா அது வேற கேம்டா. அவ தோத்தது இதுல."

பாத்ரூம் கதவில் 'லிஃப்ட் பழுது' போர்டை மாட்டியவன் நான். எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? சனிக்கிழமை மாமா வேலைக்குப் போனதும் ஃபைலைத் திறந்தேன். படிப்பில் நான் சுமார்தான். அதற்காக 'கடைசி வளைவு: 15 ஃபிரேம்' என்று எழுதியிருப்பதுமா புரியாது? குச்சியை இழுக்க அரை நொடி அவகாசம், அவ்வளவுதான். அதை இருபத்தைந்தாக்கிவிட்டு, நல்ல பிள்ளையாகச் சாப்பிடப் போனேன்.

ஞாயிறு வந்தது. கடைசி வளைவு வந்தது. அத்தை இழுத்தாள். கருப்பு. மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

தாவிவிட்டான்! கதவைத் தட்டினான். திறந்தது இன்னொரு தபால்காரன், அவன் கையிலும் ஒரு கடிதம்.

"அட கடன்காரா, இதுக்கா இத்தனை வருஷம்!" அத்தை சிரித்த சிரிப்பில் நாற்காலியே நகர்ந்தது. கட்டுப் பிரித்த கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

மாமா மட்டும், லிஃப்ட் சத்தத்தைக் கேட்கிறவர்போல் தலையைச் சாய்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப லேட்டா இழுத்தா. விழுந்திருக்கணுமே."

"பதினஞ்சு ஃபிரேம்னா தாராளம்தானே மாமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லக் கதவைச் சாத்தினார்.

"அசல்ல அது ஒம்பதுடா. பதினஞ்சு, வியாழக்கிழமை யாருக்கும் தெரியாம நான் போட்டது. இப்ப சொல்லு, நீ எத்தனை ஆக்கி வெச்சே?"