கோலத்தின் மேல் துள்ளிய மூன்று மாதம்

முப்பத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் விடியற்காலையில் நடுத்தெருவில் ஒற்றைக் காலில் துள்ளுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்த ஆள் நானே ஆனதால் எனக்கு வரவில்லை, இடுப்புதான் வலித்தது.

வருஷா வருஷம் ஆபீஸ்களுக்குள் நடக்கும் ஷட்டில் பந்தயத்தில் எங்கள் ஆபீஸுக்கு ஆடுகிற ஜோடி, நானும் சாலைக் கடைத்தெருப் பக்கத்திலிருந்து வரும் சக கிளார்க்கும். ஏழு வருஷம் சேர்ந்து ஆடியும் கோப்பை கைக்கு வரவில்லை. அந்த வருஷம் சூப்பிரண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உம்ம காலு தடுமாறுது, நான் பார்க்கறேன். இந்தத் தடவையும் தோத்தா உம்மை மாத்தணும், கேட்டோ. புதுசா வந்த கிளார்க் நல்லா ஆடறாராம்."

அந்த இடமும் போனால் எனக்கு என்ன மிச்சம்? பைல், கரமனை வீடு, மறுபடியும் பைல். நாளெல்லாம் குனிந்து எழுதிய அலுப்பு, சாயங்காலம் என் ஜோடிக்காரன் பக்கத்தில் பேட்டோடு நிற்கும் ஒரு மணி நேரத்தில்தான் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். என் மனைவியிடம் வாசல் கோலத்தைப் பெரிதாகக் கட்டம் கட்டமாகப் போடச் சொன்னேன். கட்டத்துக்குக் கட்டம் ஒற்றைக் காலில் துள்ள வேண்டும். பின்னால் போக வேண்டும். பக்கவாட்டில் திரும்பி வர வேண்டும். மாவுக் கோட்டில் மட்டும் கால் படக்கூடாது.

"ஏன்னா, கோலத்தை மிதிச்சேளோ, காப்பி கிடையாது. சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

முதல் வாரம் காப்பியே கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் கீழே பார்க்காமலேயே துள்ளினேன். எலும்பெல்லாம் ஓய்ந்து கிடந்தது. ஆனாலும் உடம்பு சாயவில்லை, கால் சொன்ன பேச்சு கேட்டது.

பந்தயத்தன்று நன்றாகத்தான் ஆடினோம். எதிராளிக்கு இன்னும் ஒரு பாயிண்ட் போதும் என்றபோது, ஷட்டில் என் தலைக்கு மேலே பின்கோட்டை நோக்கிப் போனது. இரண்டு எட்டு பின்னால் வைத்தால் அடித்துவிடலாம். ஒன்று வைத்தேன். ஓரக்கண்ணில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. பாழாய்ப்போன கால், தூக்கினபடியே நின்றுவிட்டது! கோட்டை மிதிக்க மாட்டேன் என்றது. ஷட்டில் கோட்டின் மேலேயே விழுந்தது; கோட்டில் விழுந்தால் உள்ளே விழுந்த கணக்குதான், தோற்றோம்.

"என்னவே, கோட்டுல கரண்டா ஓடுது?" என்றான் என் ஜோடிக்காரன். கோலத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சூப்பிரண்டு வந்தார். என்னைப் பார்க்காமல் அவனிடம், "அடுத்த தடவை உமக்குப் புது ஆளாக்கும் ஜோடி" என்றார்.

ஏழு வருஷம் ஆயிற்றே, எனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று நின்றேன். அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். மறுபடியும் கட்டினான். பிறகு நிமிர்ந்து கேட்டான்:

"வாறவரு எந்தப் பக்கம் நிப்பாரு சார்?"