பெட்ரோல் மூடிக்கு அரக்கு சீல்

சார்நிலைக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக இருந்த நான், அலுவலகத்து அரக்கில் ஒரு துண்டையும், தேய்ந்துபோய் ஒதுக்கிவைத்திருந்த பித்தளை முத்திரை ஒன்றையும் சாப்பாட்டுத் தூக்கில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, என் சொந்தக் காரின் பெட்ரோல் மூடிக்கு சீல் வைத்தேன். இது நடந்தது எண்பதுகளில். இனிமேல் யாரும் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆனால் பெட்டக அறைப் பூட்டுக்குத் துணி சுற்றி அரக்கு ஊற்றுவதும், காலையில் அந்த அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும்தான் என் உத்தியோகம். இருபது வருஷம் இதைச் செய்தவனுக்கு மனிதர்கள் இரண்டே வகை: திருடியவர்கள், இன்னும் திருடாதவர்கள்.

கார் என் மாமனாருடையது. அவர் காலமானபின் மைத்துனர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, காரை மிகுந்த பெருந்தன்மையோடு எங்களுக்குக் கொடுத்தார்கள். அது எனக்கு மூன்று வயது இளையது. எனக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் வாங்கப் போய் இரண்டு முறை திரும்பி வந்தவன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு டிரைவர். பக்கத்து ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். மற்ற நாட்களில் கடலைக்காட்டில் கூலிக்குப் போவார், எப்போதாவது தக்காளி லாரிக்கு மாற்று டிரைவராகவும் போவார். ஞாயிறு காலைப் பூசை முடிந்துதான் எங்கள் வீட்டுக்கு வருவார். வாராவாரம் பாவமன்னிப்புக்கு வசதி உள்ள ஆள் என்பதையும் நான் குறித்துவைத்திருந்தேன்.

பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. ஆகவே ஒரு மூங்கில் பிளாச்சை டேங்குக்குள் விட்டு ஆழம் பார்ப்பேன். சனிக்கிழமை மாலை நான்கு விரல்கடை நனையும். ஞாயிறு வண்டி கிளம்பும் முன் பார்த்தால் மூன்றுதான். டிரைவர் சட்டையில் வேறு பெட்ரோல் வாடை. வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுப்பில் கரண்டியை வைத்து அரக்கை உருக்கி, அது இறுகும் முன் வாசலுக்கு ஓடினேன். தெருக்காரர்கள் எனக்கு வழிவிட்டது மரியாதையால் என்று நினைத்தேன். மூடி முழுக்க ஒரு இடம் விடாமல் ஊற்றி முத்திரையை அழுத்தினேன். டிரைவரிடம், "தெருவுல திருட்டுப் பயம்" என்றேன்.

"செரிங்க சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றவாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

அந்த வாரமே கார் வழியில் நிற்க ஆரம்பித்தது. எங்கள் ஊர் நல்லம்பள்ளியிலிருந்து கிளம்பி தர்மபுரியைத் தாண்டும்வரை நன்றாக ஓடும். பிறகு இரண்டு முறை இருமும், ஓரமாக நின்றுவிடும். டிரைவர் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் அடித்துப் பார்த்தார். நாலு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

"பெட்ரோல் வரலீங்க சார்."

"டேங்குலதான் இருக்குதே."

"டேங்குல இருக்குதுங்க. இங்க வரலீங்க." கையைத் துடைத்துக்கொண்டு, "மூடியத் தொறந்து ஒரு பார்வ பாத்துடலாங்களா?" என்றார்.

எனக்குள் மணி அடித்தது. இதற்குத்தான் இந்த நாடகமா? சீலை என் கையாலேயே உடைக்க வைப்பதற்கா? அவரை ஒரு பார்வை பார்த்தேன். கருவூலத்தில் பொய்ப் பில் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கும் பார்வை அது. அவர் குனிந்து, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, அதில் வாய் வைத்து டேங்க் பக்கமாக ஓங்கி ஊதினார். வண்டி கிளம்பிவிட்டது. ஏழெட்டு மைல் போய் மறுபடியும் நின்றது. மறுபடியும் ஊதினார். வீடு திரும்பும்போது அவர் உதடெல்லாம் பெட்ரோல் வாடை. அதையும் நான் சாட்சியத்தில் சேர்த்துக்கொண்டேன்.

தர்மபுரி மெக்கானிக் பம்பின் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வை மாற்றினார்; கார்புரேட்டரைப் பிரித்து, தூசி ஊதி, மறுபடி மாட்டினார். கடைசியாக, "டேங்கைப் பாக்கணுமுங்க" என்றார்.

"டேங்கைத் தவிர மத்ததெல்லாம் பாருங்க."

"வவுத்து வலின்னு வந்துட்டு வவுத்தைத் தொடாதீங்கன்னா எப்புடிங்க சார்?"

மெக்கானிக்கும் கூட்டு என்று முடிவு செய்தேன்.

இந்த நேரத்தில்தான் டிரைவர் ஒரு கடிதம் கேட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். மாதச் சம்பளம், பிள்ளைகளுக்கு அங்கேயே படிப்பு. இப்போது யாரிடம் ஓட்டுகிறாரோ அவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், இரண்டு வாரத்துக்குள்.

"பாக்கலாம்" என்றேன். அரசாங்க ஊழியன் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். நேர்மையானவர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளை அவர் குழந்தைகளை ஏற்றிய வேனில் பெட்ரோல் எடுத்தால்? என் கையெழுத்துக்கு ஒரு கௌரவம் உண்டு என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பென்னாகரத்தில் என் மனைவியின் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் போயாக வேண்டும். இண்டூரைத் தாண்டியதும் கார் இருமியது, நின்றது. டிரைவர் இறங்கி, வழக்கம்போலக் குழாயில் வாய் வைக்கப் போனார்.

பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருந்த என் மனைவி பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "இவரு ஊதுனா மட்டும் ஏன் கெளம்புது?"

"அவருக்குத்தான் தந்திரம் தெரியும்" என்றேன், அழுத்தமாக.

அவள் என்னைச் சட்டை செய்யவில்லை. "ஏங்க, எண்ணெ டின்னுல ஒரு ஓட்ட மட்டும் போட்டுச் சாச்சா எண்ணெ ஒழுங்கா ஊத்துமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஊத்தாது. இந்தப் பக்கம் இன்னொரு ஓட்ட போட்டாத்தான் ஊத்தும். காத்து உள்ள போவணும். உங்க டேங்குக்குக் காத்து எங்க போவுது? அரக்குலயா?"

டிரைவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. குழாயை மிக உன்னிப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது சீல். கண்டபடி உடைக்க முடியாது" என்றேன்.

"யாரு, கலெக்டரு வந்து ஒடைக்கணுமா?" என்று இறங்கினாள். கொண்டை ஊசியை உருவி அரக்கைக் குத்திப் பெயர்த்தாள். முத்திரை பதிந்த அரக்கு இரண்டாகப் பிளந்து ரோட்டில் விழுந்தது. மூடியைத் திருகியதும் உள்ளே 'புஸ்ஸ்' என்று காற்று இழுத்தது. ரொம்ப நேரம் மூச்சை அடக்கியவன் உள்ளே இழுப்பது போல. டிரைவர் பம்பை இரண்டு தரம் அடித்தார். பெட்ரோல் பீறிட்டது.

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நட்டநடுவில் குண்டூசி நுழையும் அளவு ஒரு துளை. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று போவதற்காகக் காரைச் செய்தவன் விட்ட துளை. திருடனைத் தடுப்பதாக நினைத்து நான் அடைத்த துளை.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"மொத நாளே ஒரு சந்தேகமுங்க. மூடியத் தொறக்கலாங்களான்னு கேட்டனுங்களே? உங்க மூஞ்சியப் பாத்துட்டு வுட்டுட்டனுங்க." பானெட்டை மெதுவாக மூடினார். "சீல் யாருக்காவ வச்சீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா சார்? அந்த ஆளே வந்து சீல ஒடைங்கன்னு சொன்னா எப்புடிங்க இருக்கும்?"

எனக்குப் போக இடமில்லை. இருந்தாலும் இருபது வருஷப் பழக்கம் அத்தனை சீக்கிரம் விடாது. "சரி, சனிக்கிழமை நாலு விரல்கடை, ஞாயித்துக்கிழமை மூணு. அது எப்படி?" என்றேன்.

"நீங்க குச்சி வுடறப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எங்கள் வாசல் சரிவு. வாரமெல்லாம் வண்டி மேட்டைப் பார்த்து நிற்கும். பெட்ரோல் பின்பக்கம், மூடி இருக்கும் பக்கம், சேர்ந்திருக்கும். ஞாயிறு காலையில் டிரைவர் வந்ததும், செத்த பேட்டரியை நம்பாமல், தள்ளிக் கிளப்பத் தோதாகப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார். பெட்ரோல் முன்னால் ஓடிவிடும். அதன் பிறகுதான் நான் குச்சியோடு வருவேன்.

காதுகுத்து முடிந்து, பந்தியும் பாதி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். பாயசம் தீர்ந்துவிட்டிருந்தது. என் மனைவி என்னிடம் எதையும் சொல்லவில்லை, மற்ற எல்லோரிடமும் சொன்னாள்.

அன்று மாலையே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். நேர்மை, பொறுமை, கடவுள் பக்தி, இயந்திர ஞானம் என்று தனித்தனிப் பத்தி. இரண்டாம் பக்கத்தில் என் குற்ற உணர்ச்சி அளவு மீறி, அவரைக் கிட்டத்தட்ட ஒரு புனிதர் ஆக்கியிருந்தேன். டிரைவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படித்துப் பார்க்கச் சொன்னேன். "எதுக்குங்க சார்" என்றார்.

வேலை கிடைத்தது. என் கடிதத்தால் ஒரு குடும்பம் கரையேறிவிட்டது என்று சில வாரங்கள் சற்று நிமிர்ந்தே நடந்தேன். ஓய்வூதியத் தாள் ஒன்றுக்காகப் பள்ளியின் தலைமைச் சகோதரி ஒருநாள் கருவூலத்துக்கு வந்தபோது, நானே பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"நம்ம டிரைவர் எப்படிங்க? என் லெட்டர்ல எழுதியிருந்தேனே, அதுபடி இருக்காருங்களா?"

"லெட்டருங்களா?" என்று அவர் சிறிது யோசித்தார். "அது ரொம்ப நீளமா இருந்துச்சுங்க சார், நான் படிக்கல. அவரைச் சின்னப் பையன்ல இருந்து எங்களுக்குத் தெரியுமுங்களே. உங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தான் வர்றாராங்கறதுக்காகக் கேட்டோம். ஒரு வரி போதுமுங்க."