பொட்டு வைத்த பலகை

இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. இருபதுகளில் ரங்கூன் துறைமுகத்தில், கப்பலின் வெளிப்பக்கம் துரு சுரண்டும் கூட்டத்தில் இருந்தேன். ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டி மேலிருந்து இறக்குவார்கள். இரண்டு பேர் அதில் குந்திக்கொண்டு சுரண்ட வேண்டும். பலகை போனால் ஆளும் போனான்.

தேக்கெல்லாம் சீமைக்குப் போய்விடும். எங்களுக்கு வாய்த்தது அங்கிருந்து வரும் வெள்ளைப் பலகை. பனி கொட்டும் நாட்டு மரம். அதை நம்பவே கூடாது. அந்த நாட்டுக் கப்பல் தச்சன் ஒருவன், பாதி இந்துஸ்தானியிலும் மீதி உடம்பை வளைத்துக் காட்டியும் எனக்குச் சொன்னான்: புயலில் மரம் முறியாமல் வளையும், வளைந்த பக்கம் உள்ளே நார் நசுங்கிப்போகும். பிறகு நிமிர்ந்து, காயத்துக்கு மேலேயே புது மரம் கட்டி வளர்ந்துவிடும். அறுத்த பலகையை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால், நாருக்குக் குறுக்கே மயிரளவு மடிப்புத் தெரியும். அப்படிப்பட்ட பலகை சிராய்கூடக் கிளம்பாமல், முருங்கைக் கொம்பு மாதிரி மொடுக்கென்று போகும்.

கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தினம் காலையில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து, சந்தேகப்பட்டதில் கரிக்கோடு போட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளுவேன். ‘பலகை ஜோசியர்’ என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

ஆயுத பூஜை வந்தது. ஒன்றையும் விடக்கூடாது என்று, நான் தள்ளிய பலகைகளையும் தூக்கி வந்து, கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் போனால் எல்லாம் ஒரே அடுக்கு. என் கரிக்கோடு ஒன்றுகூட இல்லை.

“பூசைதான் ஆச்சுல்ல மேஸ்திரி, என் பலகையத் திரும்ப ஒதுக்கணும்.”

“சாமிக்குப் பொட்டு வச்சத ஒதுக்குறதா? வாயக் கழுவுடா. ஜோசியரே, நீரு ராகுகாலம் மட்டும் பாத்துச் சொல்லும், போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியின் தம்பியும் சிரித்தான். ஊரிலிருந்து புதிதாக வந்தவன். நான்தான் அந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தேன். “அக்கா சொல்லுச்சு மச்சான், ராத்திரி அடுப்பு அணைஞ்சுதான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பீங்களாமே” என்றான்.

அன்று முதல் பலகை அவனுக்கு. கயிறு கட்டியாகிவிட்டது. துண்டை நனைத்து மஞ்சளைத் துடைத்தேன். நடுவில் ஒரு கோடு தெரிந்தது போலிருந்தது. மஞ்சள் கறையாகவும் இருக்கலாம். கண் கலங்கி ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் மேஸ்திரி என்னைத் தள்ளிவிட்டான். மச்சினன் ஒரு காலைக் கப்பல் கம்பிக்கு வெளியே போட்டாகிவிட்டது.

பக்கத்தில் கிடந்த கைக்கோடாலியை எடுத்து, பலகையை அந்த இடத்திலேயே கொத்தினேன். பொட்டோடு சேர்த்து இரண்டாகும்வரை கொத்தினேன்.

மேஸ்திரி கன்னத்தில் அறைந்தான். “சாமி பலகைய வெட்டுன பாவி! கூட்டிட்டு வந்தவனையும் இழுத்துட்டு ஓடு!”

கரையில் இறங்கியதும் மச்சினன் கேட்டான்: “உடைஞ்சிருக்கும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமயா என் பொழப்புல மண்ணப் போட்டீங்க?”

மேஸ்திரி காலில் விழப் போகிறேன் என்று திரும்பினான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறது என்று கத்தினான், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வீடு வந்து சேரும்வரை நான் விடவில்லை.