வியாழக்கிழமை லேப்

எம்.எஸ்ஸி. வேதியியல் முதல் செமஸ்டரில் எங்களுக்கு வியாழன் காலை முழுக்க லேப். அய்யலூரில் ஆட்டுச் சந்தை கூடுவதும் வியாழன்தான். என் அப்பா ஆட்டு வியாபாரி. சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. ஆட்டின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பல் தெரியாதவனைச் சந்தையில் மொட்டையடித்து அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் கூடப் போவேன். ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்து அவர் மணிக்கட்டை அழுத்துவேன். இரண்டு பல்லுக்கு இரண்டு தடவை, நாலு பல்லுக்கு நாலு தடவை.

"கண்ணு தெரியலன்னு யார்ட்டயும் மூச்சு விட்றாத தாயி," என்பார். நானும் விடவில்லை.

நான் ஒன்றும் மக்கு இல்லை. எழுபத்தைந்து சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்பது தெரியும். மற்ற நாட்களில் காய்ச்சலோடுகூட வகுப்புக்குப் போனேன். மொத்தமாகப் பார்த்தால் எண்பதுக்குக் குறையாது என்ற தெனாவெட்டு எனக்கு. தேர்வு நெருங்கியபோது துறைத்தலைவர் மேடம் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியாத்தான் பாப்போம்மா. லேப்புக்கு நீ பாதி நாள்கூட வரல. பரீட்சை எழுத முடியாது. ரீடூதான்."

அரியர் என்றால் பரீட்சையை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ரீடூ அப்படியல்ல, அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"மெடிக்கல் சர்டிபிகேட் ஏதாச்சும் இருக்கா?"

"அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்ல மேடம்."

"உனக்குச் சரியில்லன்னாத்தாம்மா செல்லும்."

என்ன சட்டமோ, கருமம்! அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் அன்றைக்கே சந்தையை விட்டுவிடுவார். சந்தையை விட்டால் மனுஷன் உடைந்துபோவார். "லேப்ல பெயிலுப்பா," என்றேன்.

"எட்டாப்புல நானும் பெயிலுதேன். என் புத்திதேன் ஒனக்கும் வந்திருக்கு. விடு தாயி," என்றார்.

அடுத்த சந்தையில் தெரிந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'உங்க கூட வந்ததுனாலதாம்ப்பா' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு ஆட்டின் வாயைப் பிளந்தேன். நாலு பல். நாலு தடவை அழுத்தினேன்.

செமஸ்டர் லீவு முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். மகள் பெயில், அதற்கும் தன் புத்திதான் காரணம் என்று நினைத்துக்கொண்டே போனார். ஒரு வார்த்தை, 'நான் பெயிலாகலப்பா' என்று சொல்லியிருக்கலாம். படுபாவி நான், சொல்லவில்லை.

மறு வருடம் ஜூனியர்களோடு வியாழன்தோறும் அதே லேப்பில் நின்றேன். அந்தத் தடவை என் வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு.

"ஒரு நாள்கூட லீவு போடாம வாரீங்களேக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"வியாழக்கிழம எனக்குப் போக வேற எடமில்லம்மா," என்றேன்.