ஐயா கொண்டாடிய "எங்கடை ஆள்"

ஐயாவின் மரணவீட்டுக்கு வந்த உறவினர் சிலர் தங்களுக்குள் கதைத்தது என் காதில் விழுந்தது. "எழுபத்தொன்பது வயதிலை, வாளோடை வந்தவங்களுக்கு முன்னாலை போய் நிக்க உவருக்கு என்ன விசரோ?" அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. துக்கத்தில்தான் அப்படிக் கேட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காக வெளியிடும் இந்த மலரில் அதற்குப் பதில் எழுதுவது மகளாகிய என் கடமை. நினைவு மலர்களில் அடிதடியைப் பற்றி எழுதும் வழக்கமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு ஐயாவின் வாழ்க்கையை எழுத முடியாது. ஓர் ஆங்கிலப் பட நடிகரை விட்டுவிட்டும் எழுத முடியாது.

ஐயா நீர்வேலியில் வாழைத்தோட்டக் குடும்பமொன்றின் மூத்த மகனாகப் பிறந்தார். என் அப்பப்பா எதற்கெடுத்தாலும் கைநீட்டும் மனிதர். அவருடைய துவரங்கம்பின் தழும்புகள் ஐயாவின் முதுகில் கடைசிவரை இருந்தன. இளவயதில் வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் சந்தைக்குப் போகும் நாள்களில், குலை விற்று முடிந்ததும் ஐயா மத்தியானக் காட்சிக்குப் போய்விடுவாராம். அங்கே ஓடிய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்களில்தான் அந்த நடிகரைக் கண்டார். அவருடைய பெயர் ஐயாவின் வாயில் சரியாக நுழையாது. "எங்கடை ஆள்" என்றே சொல்வார். பெயரை எழுதினாலும் உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கடை ஆள் அழகரல்லர். உயரமும் குறைவு. முகம் சப்பையானது. எத்தனையோ படங்களில் கதாநாயகனாக நடித்தும், கூட நடித்தவர்களுக்கே புகழ் போய்ச் சேர்ந்தது. ஐயாவின் கூட்டாளிகளும் குதிரையில் வந்து துப்பாக்கியைச் சுழற்றுபவர்களைத்தான் கொண்டாடினார்கள்.

"உவரெல்லாம் ஒரு கதாநாயகனே? அடி வாங்கத்தான் தெரியும்" என்று ஒருவர் நக்கலடித்தாராம்.

"ஓம். அடி வாங்கத் தெரிஞ்ச வேறை ஒருத்தனைக் காட்டு பாப்பம்" என்றாராம் ஐயா.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு ஒன்பது வயதில் விளங்கியது.

அந்த நாள்களில் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரே பங்குக் கிணறு. இறைப்பு முறை யாருடையது என்பதில் ஒருநாள் காலையில் வாக்குவாதம் மூண்டது. பக்கத்துத் தோட்டக்காரர் மண்வெட்டியால் என் சித்தப்பாவின் தலையில் வெட்டிவிட்டார். வெட்டியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இன்று எங்களுக்கு உற்றவர்கள். சித்தப்பாவின் காது கிழிந்து தொங்கியது. வாய்க்கால் தண்ணீர் சிவந்து போய் வாழைப் பாத்திக்குள் பாய்ந்தது. சாப்பாடு கொண்டு போன அம்மா குழறிய குழறலில் ஐயா குலை வெட்டும் கத்தியோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஐயா அந்த மனிதரை உதைத்து விழுத்தினார். மண்வெட்டியைப் பறித்து அதன் பிடியால் அடித்தார். கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கத்தியை ஓங்கினார்.

"பிள்ளை பாக்குதப்பா! பிள்ளை பாக்குது!" என்று அம்மா கத்தினார்.

கத்தி இறங்கியது. அது அந்த மனிதரின் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்ற வாழையில் இறங்கியது. அடுத்த வாழை, அதற்கடுத்த வாழை என்று, குலை தள்ளி நின்ற எட்டு மரங்களை ஐயா வெட்டிச் சாய்த்தார். பிறகு வரம்பில் குந்திவிட்டார். அவருடைய கைகள் இரண்டும் காய்ச்சல்காரனின் கைகளைப் போல நடுங்கின. "என்ரை கையைப் பிடி பிள்ளை" என்றார். பிடித்தேன். என்னால் அந்த நடுக்கத்தை நிறுத்த முடியவில்லை.

அன்றே பொலிசுக்குத் தாமாகப் போய், "நான்தான் அடிச்சனான்" என்றார். மூன்று நாள் கழித்து, பொலிசாரின் அடியில் விலா எலும்பு முறிந்த நிலையில் வீடு வந்தார். சித்தப்பா பிழைத்தார். ஒரு காது மட்டும் கேட்காமல் போனது.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கடை ஆளின் பழைய படமொன்று திரும்ப வந்தபோது ஐயா என்னையும் கூட்டிப் போனார். அதில் அவர் தன் எதிரியை அடித்து வீழ்த்துகிறார். கொட்டகையில் ஒரே விசில். மற்ற நடிகர்களென்றால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நடந்து போவார்கள். இவரோ சுவரில் சாய்ந்து சிகரெட் பற்ற வைக்கப் பார்க்கிறார். மூன்று தீக்குச்சி அணைந்து போகிறது. நான்காவதை எடுக்காமலே பெட்டியைச் சட்டைப்பையில் போடுகிறார். அவ்வளவுதான்.

"அவரின்ரை முகத்தைப் பார். அண்டைக்கு எனக்கும் உப்பிடித்தான் கிடந்தது" என்றார் ஐயா மெதுவாக. "ஆளை அடிச்சால் அடிச்சவனுக்கு என்ன நடக்கும் எண்டதை உவர் ஒருத்தர்தான் மறைக்காமல் காட்டுறார். அதாலைதான் உவரை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை."

அந்த நடிகரைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை எங்கும் வாசிக்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. இராணுவச் சுற்றிவளைப்பொன்றில் ஐயாவைத் துவக்குப் பிடியால் அடித்து விழுத்தினார்கள். இரண்டு பற்கள் போயின. வாயில் இரத்தத்தோடு வந்தவர் எங்களைத் தேற்றுவதற்காக, "தலையைக் குடுக்காமல் தோளைக் குடுத்து விழவேணும். எங்கடை ஆள் அப்பிடித்தான் விழுவார்" என்றார். அம்மா அழுதழுது சிரித்தார்.

அந்த அம்மாவை, நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் தங்கியிருந்தபோது செல் குண்டு வீச்சு கொண்டு போனது. கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவரின் நெஞ்சில் துண்டு பாய்ந்தது. ஐயா தம் சாரத்தைக் கிழித்துக் காயத்தில் அடைத்து, அது போதாமல் உள்ளங்கையால் அமத்திப் பிடித்தார். அம்மா போய் நெடுநேரமான பின்பும் கையை எடுக்கவில்லை. அன்று எந்தப் படமும் அவருக்கு உதவவில்லை. அதன் பிறகு பல வருடங்கள் எங்கடை ஆளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, செல் விழுந்த குழிகளை மூடி, மறுபடியும் வாழை வைத்தார். என் தம்பியைக் கனடாவுக்கு அனுப்பினார். தம்பி அங்கிருந்து அந்தப் பழைய படங்களைத் தேடி அனுப்பிய பிறகுதான் மெல்ல மெல்லப் பார்க்கத் தொடங்கினார். பின்னேரங்களில் நானும் பக்கத்தில் இருந்து பார்ப்பேன்.

இந்த வருடம் அப்படியொரு பின்னேரத்தில், மூன்று மோட்டார் சைக்கிள்களில் வாள்களோடு வந்தவர்கள் முன்வீட்டுப் படலையை உதைத்து உடைத்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. அங்கே ஒரு தாயும் இரண்டு குமர்ப்பிள்ளைகளும் மட்டுமே இருந்தார்கள். நான் ஐயாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பிள்ளை" என்று உதறிவிட்டு, வெறுங்கையோடு வீதியைக் கடந்து போய் அந்த வீட்டு வாசலில் நின்றார்.

"விலகு கிழவா!" என்றான் ஒருவன்.

"விலகேலாது."

வாள் இறங்கியது. தலையில் விழவேண்டியதை ஐயா இடக்கையால் ஏந்தினார். எலும்பு தெரிந்தது. ஆனால் அவர் விழவில்லை. வெட்டியவனின் முகத்தைப் பார்த்து, "வெட்டிப்போட்டாய் தம்பி. இப்ப உன்ரை கையைப் பார்" என்றார்.

அவன் பார்த்தான். வாளைப் பிடித்திருந்த கை உதறியது. வாள் சீமெந்தில் விழுந்தது. அவன் ஓட, மற்றவர்களும் ஓடினார்கள். அந்தப் பிள்ளைகளின் மேல் ஒரு கீறலும் படவில்லை.

உறவினர்களே, ஐயா ஏன் போனார் என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். அடியின் வலியை இரண்டு பக்கமும் நின்று அறிந்தவர் அவர். அதனால்தான் போனார்.

ஐயாவுக்கு நீரிழிவு இருந்ததால் காயம் ஆறவில்லை. பொலிசார் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்து ஒருவனின் படத்தைக் காட்டியபோது, "ஓம், உவன்தான்" என்றார். சின்னப் பொடியன் பாவம் என்று நான் சொன்னேன். "நான் அடிச்சதுக்கு நான் போய் நிண்டனான். அவனும் நிக்கட்டும். அப்பத்தான் அவன் ஆளாவான்" என்றார். புண்ணின் நஞ்சு உடம்பெங்கும் ஏறி, நாற்பத்திரண்டாம் நாள் காலையில், என் கையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், கனடாவிலிருந்து ஓடி வந்து கொள்ளி வைத்த தம்பிக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பு எரியத் தேவையில்லாமல் சாப்பாடு தந்த முன்வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கும் சொல்ல வேண்டும். வெட்டிய மகன் பிடிபட்டு விளக்கமறியலில் இருக்க, ஐயாவின் பிரேதம் வெளிக்கிட்ட நேரம் எங்கள் மதிலோடு ஒதுங்கி நின்று அழுதுவிட்டுப் போன அந்தத் தாய்க்கு. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும், அம்மா. இந்த மலரை உங்கள் வீட்டுக்கு நானே கொண்டு வருவேன். கதவைத் திறவுங்கள்.