ஓடும்போது வைத்த வாசல்கள்

போன வருடம் தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த சமயம், பட்டாசுத் தொழில் நடக்கும் எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் பிறந்தபோது வேலையை விட்டவள் நான். வீட்டிலிருந்தே செய்ய ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். பட்டாசுத் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பயிற்சிக்காகக் கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனம் எனக்குத் தேர்வு வைத்தது. பட்டாசு செய்யும் அறை ஒன்றை உருவாக்க வேண்டும். தீப்பொறி பட்டதும் உள்ளே இருக்கும் நான்கு பேரும் தப்பி ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால்தான் வேலை.

கல்லூரியில் கணினி படித்தவள்தான். ஆனால் விளையாட்டு உருவாக்கும் எடிட்டர் மென்பொருளை அதுவரை திறந்ததே இல்லை. இடப்பக்கம் பெயர்களாக ஒரு பட்டியல், வலப்பக்கம் கட்டம் கட்டமாக எண்கள், நடுவில் முடிவே இல்லாத ஒரு தரை. மவுஸைக் கொஞ்சம் உருட்டினால் அறையே மறைந்துவிடும். அது போனதா, நான் போனேனா என்றே புரியாது.

வெள்ளிக்கிழமை ஒருவழியாக அறை நின்றது. மேலே இருக்கும் முக்கோணப் பொத்தானை அழுத்தி விளையாட்டை ஓடவிட்டேன். பட்டாசு கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, ஒத்த வாசல் வச்சிருக்கீக? நாலு பேரும் முட்டிக்கிட்டுச் சாகவா? எங்க ரூம்ல நாலு பக்கமும் வாசல் இருக்கும்."

இதே ஊரில் இருந்துகொண்டு இது தெரியவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அப்படியே இன்னும் மூன்று வாசல்களைச் சேர்த்தேன். திரையில் அந்த நாலு பேர் பொம்மைகளும் நாலு பக்கமும் ஓடித் தப்பின. நிம்மதியாக நிறுத்தினேன். சேர்த்த மூன்று வாசல்களையும் காணோம்!

மறுபடி ஓடவிட்டுச் சேர்த்தேன். நிறுத்தியதும் மறுபடி காணோம். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது, மடியில் இருந்த மகளின் விரல் கீபோர்டு மேல் இருந்தது. "நீதான அமுக்குன?" என்று கத்தி, கையில் ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே நாத்தனாரிடம் ஓடினாள்.

மணி ஐந்தரை. இதைக்கூடக் கேட்கிறாளே என்று நினைப்பார்களோ எனத் தயங்கித் தயங்கி, நிறுவனத்தில் எனக்கு வழிகாட்டிய பெண்ணுக்கு போன் செய்தேன்.

"அக்கா, கேம் ஓடும்போதா மாத்துனீங்க? அப்ப செய்றதெல்லாம் சும்மா சோதிச்சுப் பாக்கத்தான். நிறுத்துனா பழையபடி ஆயிரும். நிறுத்திட்டு மாத்துங்க."

போனை வைத்ததும், ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் விடவில்லை. "ஓடுற மிஷின்ல கை வச்சா எங்க மேஸ்திரி தோலை உரிச்சிருவாரு. நீங்க கைய வச்சுப்புட்டு, புள்ளையப் போட்டு அடிக்கீக!"

நிறுத்தினேன், வாசல்களை வைத்தேன், சேமித்தேன். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். வேலை கிடைத்தது.

இன்றும் நான் கணினி முன் உட்கார்ந்தால், மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பக்கத்தில் வருகிறாள்; எனக்குப் புரியாத ஒன்றுக்குப் பழியை அவள் மேல் போட்டேனே என்று, அப்போதெல்லாம் அந்தக் கைகளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து கீபோர்டு மேல் வைக்கிறேன்.